கீழே சாம்பிராணி, மேலே ரோஜா

பீரோவின் மேல் தட்டில், வளையல் டப்பாவுக்குப் பின்னால் ஒரு அத்தர் சீசா இருக்கிறது. ஒரு தோலா அளவு, அதாவது 12 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 2021 பிப்ரவரியில் திருவல்லிக்கேணியில் வாங்கியது. மூடியைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்திரியில் கடைக்கார பாய் நீல மையால் ‘அம்பர் ரோஸ்’ என்று எழுதித் தந்தார். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு இப்போது ‘அம்’ மட்டும்தான் தெரிகிறது.

2016 டிசம்பரிலிருந்து இதே கலவையைத்தான் பூசுகிறேன். மூன்று சீசா தீர்ந்து இது நான்காவது. இதை மட்டும் தீர்க்க மனம் வராமல் இழுத்துக்கொண்டே போனேன். என் மூக்குக்கு இதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அதன் வாசத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தால் முதலில் வருவது ரோஜா இல்லை. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அப்படி ஒரு சுருக்கென்ற வாசம். அதன் ஓரத்தில் கொஞ்சம் மிளகு. பூக்கடையில் ஈரச் சாக்கை அவிழ்க்கும்போது பச்சைக் காம்பும் தண்ணீரும் சேர்ந்து எழும் வாசத்தின் சாயலும் உண்டு. இதெல்லாம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பிறகுதான் ரோஜா. அதுவும் ஓசூரிலிருந்து வரும் நீளக் காம்பு ரோஜா இல்லை. அதைப் பார்க்கலாம், முகர்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இராது. இது நிலக்கோட்டைப் பக்கம் விளைகிற பன்னீர் ரோஜா. இதழ் தொட்டால் உதிரும், வாசம் கையை விட்டுப் போகாது. அரை மணி நேரத்தில் அது குல்கந்து ஆகிவிடும். தேன், சர்க்கரை, நடுவில் கொஞ்சம் லிச்சிப் பழம். லிச்சி என்பது என் கற்பனை இல்லை. ரோஜா மணத்தில் இருக்கும் ரோஸ் ஆக்சைடு என்ற சேர்மம் லிச்சியிலும் இருக்கிறது.

ஒரு மணி நேரம் போனதும் ரோஜா வாட ஆரம்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கல்யாண மாலையை மறுநாள் காலையில் ஆணியிலிருந்து எடுக்கும்போது இதழின் ஓரம் கறுத்து, புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் வரும் பாருங்கள், அது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அம்பர் ஏறி வரும். கருப்பட்டிப் பாகு. வெயிலில் கிடந்த தோல்பை. வெனிலா, ஆனால் ஐஸ்கிரீமின் குளிர்ச்சி இல்லாத வெனிலா. எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஒரு சூடு. ரோஜா அப்போதும் போய்விடுவதில்லை. அம்பருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இரவு தலையணையில் முகம் புதைத்தால் எது ரோஜா, எது அம்பர் என்று பிரிக்க முடியாது.

முதல் தடவை நான் பூசிக்கொண்டு வந்தபோது அம்மா மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பாயசம் கொதிக்கிற வீட்டுக்குள்ள யாரோ ரோஜா மாலையோட வந்த மாதிரி இருக்குடி.” இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். மாடிப்படியில் நான் ஏறி வருவதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள், வாசம் முன்னால் போய்ச் சொல்லிவிடும். ஆனாலும் ஐந்து வருடம் பூசியும் அம்பர் என்றால் என்ன என்று நான் கேட்டதே இல்லை. ஏதோ கல், ஏதோ கடல் பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021 மே மாதம், இரண்டாவது அலையில், எனக்கும் அம்மாவுக்கும் கொரோனா வந்தது. வீட்டிலேயே இருந்து தேறினோம். ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழித்த அந்தப் பத்து நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆறாம் நாள் காலையில் கபசுரக் குடிநீர் கசந்தது, ஆனால் மணக்கவில்லை. எழுந்து போய் சீசாவைத் திறந்தேன். ஒன்றுமில்லை. குச்சியை மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கொண்டுபோனேன். தண்ணீரை முகர்வது போல இருந்தது. அம்மாவுக்கு மூன்றே வாரத்தில் வாசம் திரும்பிவிட்டது. எனக்குத் திரும்பவில்லை.

செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தது. ஆய்வகத்தில்தான் அதன் முழு அர்த்தம் புரிந்தது. உப்புப் பகுப்பாய்வில் பாதிக்கு மேல் மூக்கை நம்பித்தான் வேலை. சல்பைடு உப்பில் அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வர வேண்டும். பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், நான் மட்டும் சோதனைக் குழாயை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வாயு ஆபத்தானது. ஆசிரியருக்கு அது தெரியவில்லை என்றால் அந்த அறையில் அவர் இருந்து என்ன பயன்? அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லி, செய்முறை வகுப்புகளில் கூட ஒருவரை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அடுத்த வகுப்பில் அம்மோனியா வந்தபோது மூக்கு சுரீர் என்றது! கண்ணில் தண்ணீர். வாசம் திரும்பிவிட்டது என்று நினைத்து அன்று மாலை ஓடிவந்து சீசாவைத் திறந்தேன். மறுபடியும் தண்ணீர்தான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் விளக்கினார். மூக்கில் இரண்டு நரம்புகள் வேலை செய்கின்றன. ஒன்று மணத்தை அறிவது. இன்னொன்று முகத்தின் முப்பெரு நரம்பு. அது எரிச்சல், குளிர்ச்சி, காரம் இவற்றை அறிவது. அம்மோனியா, நீலகிரித் தைலம் எல்லாம் இரண்டையும் தட்டும். அதனால் மணம் போனவருக்கும் அவை ‘தெரியும்’. ரோஜா மணத்தின் முக்கியச் சேர்மமான பீனைல் எத்தில் ஆல்கஹாலும் வெனிலாவின் வெனிலினும் அப்படி இல்லை. அவை ஏறக்குறைய முழுக்க மணம் மட்டுமே. குத்தாது, எரியாது, குளிராது. முகர்வு ஆராய்ச்சிகளில் அவற்றைப் பயன்படுத்துவதே அதனால்தான்.

அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். ரோஜாவும் வெனிலாவும். என் அத்தரின் உச்சியும் அடியும். உலகத்தில் இத்தனை வாசம் இருக்க, மூக்கு போனால் சுவடே இல்லாமல் போய்விடக்கூடிய இரண்டைத்தான் நான் தேடித் தேடி நேசித்திருக்கிறேன்.

மருத்துவர் பயிற்சி ஒன்று சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் என்பவரின் குழு 2009-இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையிலும் மாலையிலும், 12 வாரத்துக்கு, மனதை ஒருமுகப்படுத்தி முகர வேண்டும். முகர்வு நரம்பணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. இந்தப் பயிற்சி அவற்றுக்கு உதவுகிறது என்பது கருத்து. கிராம்பும் எலுமிச்சைத் தோலும் வீட்டில் இருந்தன, தைலம் அம்மாவிடம் இருந்தது. ரோஜாவுக்குத் தனியாக ரோஜா அத்தர் வாங்கினேன். நான்கையும் முடித்துவிட்டு ஐந்தாவதாக என் சீசா. அது மருத்துவர் சொன்னதில்லை.

சமையலறையிலிருந்து அம்மா தினமும் கேட்பாள்: “வந்துச்சாடி?”

“இல்லம்மா.”

அக்டோபரில் வாசம் வந்தது, ஆனால் கோணலாக. காபி பொசுங்கிய ரப்பர் போல நாறியது. வதங்கும் வெங்காயம் தாங்க முடியவில்லை. இப்படி ஆவது குணமாகும் வழியில் பலருக்கும் வருவதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் பயம் இல்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா எனக்காகத் தன் ஃபில்டர் காபியையும் நிறுத்திவிட்டுச் சுக்குமல்லிக்கு மாறினாள். ஐம்பது வருடப் பழக்கம் அது.

அப்புறம் நவம்பர் மழை. பள்ளிக்கு விடுமுறை. துணி எதுவும் காயாமல் கூடம் முழுக்கக் கொடி கட்டியிருந்தோம். காலைப் பயிற்சியை முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

“அம்மா, துணிக்குச் சாம்பிராணி போடுறியா?”

“இல்லையே. அடுப்பே இன்னும் பத்த வைக்கலையே.”

எங்கிருந்து வருகிறது என்று கொடித் துணியை எல்லாம் முகர்ந்து பார்த்தேன். தலையில் கை வைத்தபோது பிடிபட்டது. என் மணிக்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரோஜா இல்லை, எலுமிச்சை இல்லை. சாம்பிராணி மட்டும். புகையாத சாம்பிராணி. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் வாசம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அம்மா தூபக்காலைக் கொண்டுவந்து என் தலைமுடிக்கு அடியில் வைப்பதற்கு முந்தின நொடி.

அம்மாவிடம் கையை நீட்டினேன். அவள் முகர்ந்துவிட்டு, “எனக்கு ரோஜாதான் தூக்கலா வருது” என்றாள்.

மழை விட்டதும் ஜாம்பஜார் வழியாகத் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். வாலாஜா பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சின்னக் கடை. பாய்க்கு எழுபதுக்கு மேல் வயது.

“பாய், அம்பர்ல சாம்பிராணி இருக்கா?”

“பின்ன என்னன்னு நெனச்சீங்க டீச்சரம்மா? பாதி அதுதானே.”

அன்று அவர் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். அம்பர் என்ற பெயர் அரபியின் ‘அன்பர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து வரும் பொருளைக் குறித்தது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்கவே கூடாது. கடலோர மாவட்டங்களில் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருமே, அதுதான். மரப்பிசின் கோடிக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்து இறுகிய மஞ்சள் கல்லுக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்லைப் பச்சையாக முகர்ந்தால் ஏறக்குறைய ஒரு வாசமும் இராது. வாசனைக்காரர்கள் சொல்லும் அம்பர் இந்த இரண்டும் இல்லை. மூன்று பொருளைச் சேர்த்து உண்டாக்கும் ஒரு கூட்டு மணம். லாப்டனம், சாம்பிராணி, வெனிலா.

லாப்டனத்தை ஒரு சிறு புட்டியில் காட்டினார். தார் போலக் கறுப்பு, குச்சியை எடுத்தால் நூலாக இழுக்கிறது. ஸ்பெயின், கிரீட் பக்கத்துக் குன்றுகளில் வெயிலில் பிசின் கசியும் ஒரு புதரிலிருந்து வருவது. மேய்கிற ஆட்டின் தாடியில் ஒட்டிக்கொள்ளும் பிசினைச் சீவி எடுப்பது பழைய வழக்கம், அதைப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதிவைத்திருக்கிறார். தோல்பை வாசம் என்று நான் சொன்னேனே, அது இதிலிருந்து. பிறகு சாம்பிராணிக் கட்டி ஒன்றை உடைத்தார். பழுப்புக்குள் பாதாம் பருப்புப் போல வெள்ளைத் துண்டுகள். இதைத்தான் அரபிகள் ‘லுபான் ஜாவி’, அதாவது ஜாவா தேசத்துக் குங்கிலியம் என்றார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து பென்சாயின் ஆயிற்று. அதிலிருந்து எடுத்ததால் பென்சாயிக் அமிலம், அதிலிருந்து பென்சீன். நான் பதினைந்து வருடமாகக் கரும்பலகையில் வரையும் அறுகோணத்தின் பெயருக்குள் சாம்பிராணி இருந்திருக்கிறது! இதை அன்றே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பள்ளி திறந்த முதல் நாள் சொன்னேன்.

மூன்றாவதான வெனிலினை 1874-இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரச் சாற்றிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். வெனிலின் மலிவாகக் கிடைக்காமல் இருந்திருந்தால் இன்றைய அம்பரே இருந்திருக்காது.

ரோஜாவைப் பற்றியும் பாய் மறைக்கவில்லை. ஒரு கிலோ அசல் ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும். “நீங்க குடுக்கிற காசுக்கு அது எப்படி வரும்? கன்னோஜ் சரக்கு துளி இருக்கு, மிச்சம் கம்பெனி சரக்கு. வாசத்துக்கு நான் பொறுப்பு டீச்சரம்மா” என்றார். கன்னோஜ் அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து ஊர். எனக்கு இதில் குறையே தெரியவில்லை. ரோஜா எண்ணெயில் டமாசினோன் என்ற சேர்மம் மிக மிகச் சொற்ப அளவுதான் இருக்கிறது, ஆனால் ரோஜாவை ரோஜாவாக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தச் சொற்பத்தைச் சரியாக வைக்கத் தெரிந்த கைதான் எனக்கு முக்கியம், அது தோட்டத்திலிருந்து வந்ததா தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது இல்லை.

அதன் பிறகு ஏழெட்டு வாரம் எனக்கு அம்பர் மட்டும்தான் கிடைத்தது. ரோஜா இல்லாத அம்பரை முகர ஒருவருக்கு வாய்க்கும் என்றால் அது இப்படித்தான் வாய்க்கும். வருத்தமாக இருந்தாலும், அந்த வாரங்களில் அதை நன்றாகத் தெரிந்துகொண்டேன். தனி அம்பர் கனமானது. அரை மணி நேரத்துக்கு மேல் அதில் ஒன்றும் நகராது. மூடிய அறையில் உட்கார்ந்திருப்பது போல. நல்ல அறைதான், கதகதப்பான அறைதான், ஆனால் ஜன்னல் இல்லை. ரோஜா என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. அந்தப் புளிப்பும் எலுமிச்சையும் காற்று. அம்பர் என்ன செய்தது என்பதும் பயிற்சிக்கு வாங்கிய தனி ரோஜா அத்தரால் பிற்பாடு தெரிந்தது. அது அழகாகத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் சோப்பு வாசமாகச் சுருங்கிவிடுகிறது. பிசின்களின் கனமான மூலக்கூறுகள் மெதுவாக ஆவியாகும். தம்மோடு இருக்கும் இலேசானவற்றையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். அம்பர் மடியில் ரோஜாவால் நிதானமாக வாட முடிகிறது.

அம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது, பதில் மட்டும் மாறியிருந்தது. “கீழ மட்டும் வருதும்மா.”

2022 ஜனவரி, மார்கழியின் கடைசி வாரம். விடிகாலையில் பார்த்தசாரதி கோயில் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது, தெரு முனையில் பூக்கார அக்கா பன்னீர் ரோஜாவை ஆய்ந்துகொண்டிருந்தார். தாண்டிப் போய்விட்டேன். நாலு அடி போய்த் திரும்பி வந்தேன். குனிந்து ஒரு கை இதழை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டேன். மங்கலாக, ஈரத் துணிக்குப் பின்னால் இருப்பது போல, ஆனால் ரோஜா. சந்தேகமே இல்லை, ரோஜா. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. காசும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சீசாவைத் திறந்தேன். அம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை.

“மேலயும் வந்துடுச்சும்மா.”

அன்று வீட்டில் ஃபில்டர் காபி போட்டோம். எனக்கு அது அப்போதும் கொஞ்சம் ரப்பர்தான். அம்மா குடித்தாள், அது போதும்.

இன்றைக்கு என் மூக்கு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும். அழுகிய முட்டை தெரிகிறது. காபி காபியாகிவிட்டது. ஆனால் அந்த முதல் நிமிடம், எலுமிச்சையும் மிளகுமாகச் சுருக்கென்று வருமே, அது எனக்கு இன்னும் வரவில்லை. சீசாவைத் திறந்தால் நேரே ரோஜாவில்தான் தொடங்குகிறது. வாரம் ஒரு தடவை இதே சீசாவில் சோதித்துப் பார்ப்பேன். அளவுகோல் என்று சொன்னது இதைத்தான்.

இந்த வாசத்தைப் பூசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை. சென்னை மே மாதத்தில் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்தால் அம்பர் கழுத்தைப் பிடிக்கும், நமக்கு மட்டும் இல்லை, பக்கத்து சீட்காரருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை முடியும்வரை இதன் காலம். ஒரே கோடு போதும். பட்டுச் சேலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கறை போகாது. கடையில் முகர்ந்தவுடன் முடிவு செய்யாமல், கையில் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரவு வரை இருந்து பாருங்கள். அடுத்தடுத்து முகர்ந்து மூக்கு மரத்துப் போனால் பாய் எனக்குச் சொன்னதையே செய்யுங்கள்: “தலைப்பை மோந்துக்குங்க, உங்க வாசம்தான் மூக்கைக் கழுவும்.”

போன வாரம் நான்காவது சீசாவின் அடி தெரிந்துவிட்டது. குச்சி எட்டாத அளவுக்குத்தான் மிச்சம். ஐந்தாவதை வாங்கி வந்தேன். இன்று சாயங்காலம் வலது மணிக்கட்டில் பழசும் இடது மணிக்கட்டில் புதுசும் பூசிக்கொண்டு அம்மாவிடம் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாறி மாறி முகர்ந்தாள்.

“புதுசுல எலுமிச்ச நல்லாத் தூக்கலா இருக்குடி. பழசுல ரொம்ப இல்ல.”

“மிளகு?”

மறுபடி குனிந்தாள். “ம்ம். இருக்கு. ஓரத்துல.”

எனக்கு இரண்டும் ரோஜாவில்தான் தொடங்கின. இதை எழுதி முடிக்கும்போது மணி எட்டேகால். அம்மா கூடத்தில் தூங்கிவிட்டாள். வலது கையும் இடது கையும் இப்போது ஒன்றாகச் சாம்பிராணிக்கு இறங்கிவிட்டன.